நாற்பதாவது ‘நானும்’

மார்ச் 4, செவ்வாய்

தவளை தன் வாயால் கெடும். நேற்றுக் கூட்டத்தில் அந்தத் தவளை நான்.

எங்கள் குடியிருப்பின் இணையப் பலகை நிரம்பிவிட்டதாம். நூற்றுப் பன்னிரண்டு வீடுகள், ஒன்பது வருஷப் பேச்சு. தண்ணீர் வரவில்லை, லிஃப்ட் நின்றுவிட்டது, என் வண்டியை இடித்தது யார், அந்த நாய் யாருடையது. தளத்தை நடத்தும் கம்பெனி, “பழைய உரையாடல்களை எத்தனை வருஷம் வைத்துக்கொள்வது என்று இந்த மாதக் கடைசிக்குள் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பழையதிலிருந்து நாங்களே அழிப்போம்” என்று எழுதிவிட்டது. செயலாளர் இதை வாசித்ததும் ஆளாளுக்கு மின்விசிறியைப் பார்த்தார்கள். நான் சும்மா இருந்திருக்கலாம். “இதுல யோசிக்க என்ன இருக்கு? ரெண்டு வருஷம் போதும், மிச்சத்த தூக்கிப் போடுங்க” என்றேன். “அப்போ நீங்களே பலகைக்குப் பொறுப்பு எடுத்துக்கோங்க மேடம்” என்று சொல்லி அவர் பேனாவை மூடிவிட்டார்.

வீட்டில் சொன்னதும் இவர் சிரித்தார். மகள், “அம்மா, நீ நம்ம ஃப்ரிட்ஜையே ஒழுங்கா காலி பண்ண மாட்ட” என்கிறாள். வயசு பதினாறு, வாய்க்கு அறுபது.

முப்பதாம் தேதி கூட்டத்தில் என் யோசனையை வைக்க வேண்டும். வைக்கிறேன். எனக்கென்ன பயம்?

மார்ச் 6, வியாழன்

கதவைத் தட்டியது ரெக்கார்ட் அங்கிள். பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கையில் ஒரு கோப்பு இல்லாமல் அவரை நான் பார்த்ததில்லை.

“ஒரு எழுத்துகூட அழியக் கூடாதும்மா” என்று நின்றபடியே ஆரம்பித்தார். மொட்டை மாடி ஒழுகினால் பத்து வருஷம் வரை நாங்களே சரி செய்வோம் என்று கட்டியவர்கள் ஏழு வருஷத்துக்கு முன் பலகையில்தான் எழுதிக் கொடுத்தார்களாம். வேறெங்கும் அதற்குத் தாள் கிடையாது. அது போனால் மேல்மாடிக்காரர்கள் வாளி வைத்துக்கொண்டுதான் தூங்க வேண்டும்.

நியாயம்தான். ஆனால் எனக்கு எரிச்சல். “அதுக்காக நாய் யாருதுங்கிற சண்டையெல்லாம் எதுக்கு அங்கிள்? வீட்ல பழைய செருப்பக்கூட வச்சிருப்பீங்க போலிருக்கே?”

“வச்சிருக்கேன்” என்றார், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

அவர் போன பிறகு பலகையின் முதல் வருஷ விதிகளை எடுத்து வாசித்தேன். ‘நானும்’ விதி இன்னும் நடப்பில் இருக்கிறது. ஒருவர் ஒரு புகாரை எழுதினால், ஒத்துக்கொள்கிறவர்கள் கீழே ‘நானும்’ என்று போட வேண்டும். நாற்பது வீடு போட்டுவிட்டால் கூட்டமே தேவையில்லை, புகாரில் கேட்டதை நிர்வாகம் அன்றே செய்தாக வேண்டும். கூட்டத்துக்கு யாரும் வருவதில்லை என்பதால் யாரோ கண்டுபிடித்த குறுக்கு வழி. பல் தேய்ப்பது போல எல்லாருக்கும் பழகிவிட்டது. ‘நானும்’ போடுவதற்கு எனக்கு அரை நொடி போதும்.

மார்ச் 8, சனி

இன்று என் கண்ணாடிக் கடைக்குப் படிக்கட்டு அக்கா வந்தார்!

கிட்டப் பார்வைக்குக் கண்ணாடி எழுதிய சீட்டோடு வந்திருந்தார். ஃபிரேமை மூக்கில் வைத்து அளவு பார்க்கும்போதுதான் முகம் பிடிபட்டது. எட்டு வருஷத்துக்கு முன் எங்கள் குடியிருப்பில் படிக்கட்டு பெருக்கித் துடைத்தவர். என்னைவிட மூன்று நாலு வயசு இளையவர்தான். மகள் அப்போது “படிக்கட்டு அக்கா” என்று கூப்பிடுவாள், அதனால் எங்கள் வீட்டில் எல்லாருக்குமே அவர் அக்கா.

அவர் குழந்தைப் பராமரிப்புப் படிப்பு முடித்து மூன்று வருஷமாக ஒரு காப்பகத்தில் வேலை செய்கிறாராம். அந்தக் காப்பகத்தை இந்த மாதத்தோடு மூடுகிறார்கள். எங்கள் குடியிருப்பில் தரைத்தளத்தில் பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்காகக் ‘குழந்தைகள் அறை’ தொடங்குகிறோம் அல்லவா, அதற்கு விண்ணப்பம் போட்டிருக்கிறார். “உங்க பில்டிங்தான் அக்கா. என்னைய எடுப்பாங்களா?” என்று கேட்டார்.

“ஏன் எடுக்க மாட்டாங்க? நான் இருக்கேன்ல” என்று மார்தட்டினேன். பிறகு சும்மா பேச்சுக்கு, “அப்போ ஏன் வேலைய விட்டுட்டுப் போனீங்க?” என்று கேட்டேன்.

கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். “விடல அக்கா. நிப்பாட்டிட்டாங்க.” அப்புறம் மூக்கில் அழுத்தாத ஃபிரேம் இருக்கிறதா என்று கேட்டார்.

நான் ஏன் மேலே கேட்கவில்லை? எனக்கு ஏன் ஒன்றுமே ஞாபகம் இல்லை?

மார்ச் 10, திங்கள்

தெரிந்துவிட்டது.

எட்டாம் மாடி வங்கிக்காரர் போன வருஷம்தான் குடிவந்தவர். இரட்டைக் குழந்தைகள், நாலு வயசு. விண்ணப்பத்தில் அக்கா, “முன்பு இதே குடியிருப்பில் படிக்கட்டு வேலை செய்திருக்கிறேன்” என்று நேர்மையாக எழுதியிருக்கிறார். அதை வைத்துப் பலகையில் தேடியிருக்கிறார் மனிதர். எட்டு வருஷத்துக்கு முந்தைய ஒரு புகாரை மேலே தூக்கிப் போட்டு, “இவரிடம் என் பிள்ளைகளை விட முடியாது” என்று எழுதியிருக்கிறார்.

புகார் எழுதியது மூன்றாம் மாடிப் பல் டாக்டரம்மா. உடற்பயிற்சி அறையில் கழற்றி வைத்த கைக்கடிகாரத்தைக் காணவில்லை. கீழே கேமராவில் எடுத்த படம் — பையோடு படியிறங்கும் அக்கா. “படத்தில் இருப்பவர்தான் எடுத்துச் சென்றிருக்கிறார். யாரும் வீட்டுக்குள் விடாதீர்கள். இன்றே வேலையிலிருந்து நிறுத்த வேண்டும்.”

அதன் கீழே நாற்பத்து மூன்று ‘நானும்’.

ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே போனேன். ஏழாவது ரெக்கார்ட் அங்கிள். இருபத்திரண்டாவது எதிர்வீட்டு அம்மா. நாற்பதாவது —

நாற்பதாவது நான்.

ஐயோ. நான் பார்த்தேனா? அவங்க எடுத்தத நான் பார்த்தேனா? அந்தக் கடிகாரத்தையே நான் கண்ணால பார்த்ததில்ல! எதுக்குடீ போட்ட? எவ கேட்டா உன்ன? படத்தப் பெருசாக்கியாவது பார்த்திருப்பேனா? மாட்டேன். லென்ஸ் இயந்திரம் ஓடி முடியிற வரைக்கும் கையில போன் இருந்திருக்கும், கட்டைவிரல் சும்மா இருந்திருக்காது. மாலை ஆறு பத்துக்குப் போட்டிருக்கிறேன். ஆறரைக்கு நிர்வாகம் ‘நிறுத்தப்பட்டார்’ என்று எழுதியிருக்கிறது.

அவங்ககிட்டயே போய் ஏன் வேலைய விட்டீங்கன்னு கேட்டிருக்கேன். பல்ல இளிச்சுக்கிட்டு.

மார்ச் 11, செவ்வாய்

காலையில் ஒரு மணி நேரம் தேடிக் கண்டுபிடித்தேன். நாலு மாதம் கழித்து, ‘தொலைந்தவை கிடைத்தவை’ என்ற வேறொரு மூலையில் டாக்டரம்மா ஒரு வரி போட்டிருக்கிறார். “கைக்கடிகாரம் உடற்பயிற்சி அறை சோபா மெத்தைக்கு அடியில் இருந்தது. எல்லாருக்கும் நன்றி.” பக்கத்தில் ஒரு சிரிப்பு முகம். கீழே மூன்றே பேர். ஒருவர் வாழ்த்துச் சொல்லியிருக்கிறார். ஒருவர் என்ன கம்பெனிக் கடிகாரம் என்று கேட்டிருக்கிறார். ஒருவர் அந்தச் சோபாவை மாற்ற வேண்டும் என்கிறார்.

அக்காவைப் பற்றி ஒரு சொல் இல்லை. பழைய புகாரின் கீழேயும் இது இல்லை. வங்கிக்காரர் எங்கே போய்ப் பார்ப்பார்? அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

மார்ச் 12, புதன்

பலகைப் பொறுப்பு என் கையில்தான் இருக்கிறது. புகாரைத் திறந்து ‘அழி’ என்ற பொத்தான் வரை போனேன்.

இவர் தோள் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, “அழிச்சிடு. உன் பேரும் சேர்ந்து போயிடும், நல்லதுதானே” என்றார். ஆதரவாகத்தான் சொன்னார், பாவம். எனக்குச் சுருக்கென்றது. நான் யாருக்காக அழிக்கிறேன்? ரெண்டு வருஷம் போதும், ரெண்டு வருஷம் போதும் என்று கூட்டத்தில் கத்தியபோது இது இருப்பதே தெரியாது, சரி. இப்போது தெரியும்.

முதலில் அவரிடம் போய்ச் சொல்கிறேன். அப்புறம் அழிக்கிறேன்.

மார்ச் 15, சனி

கண்ணாடி தயார் என்பதைச் சாக்காக வைத்து அக்கா வீட்டுக்கே கொண்டுபோனேன். இரண்டு அறை. சுவரில் பிள்ளைகள் வரைந்த படங்கள் கழுத்து உயரம் வரைக்கும் ஒட்டியிருந்தன, எல்லாம் காப்பகத்துப் பிள்ளைகள் கொடுத்தவையாம். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். காதோரம் கொஞ்சம் வளைத்துச் சரி செய்தேன். வேலையில் இருக்கும்போதுதான் எனக்குப் பேச்சு வரும்.

எல்லாவற்றையும் சொன்னேன். வங்கிக்காரர் எடுத்துப் போட்டது, சோபாவுக்கு அடியில் கிடைத்தது. கடிகாரம் கிடைத்த சேதி இன்றுவரை அவருக்குத் தெரியாது! எட்டு வருஷமாக. கேட்டதும் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். அப்புறம் நாற்பதாவது நான்தான் என்று சொன்னேன்.

“நீங்க இல்லன்னா வேற யாராவது போட்டிருப்பாங்க” என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். வழி முழுக்க அதைத்தான் மனசுக்குள் அவருக்காகச் சொல்லிக்கொண்டே வந்தேன். அவர் சொல்லவில்லை.

“நாலு மணிலேர்ந்து முப்பத்தொம்போதுலயே நின்னுச்சு அக்கா” என்றார். “செக்யூரிட்டி அண்ணன் போன்ல பார்த்துப் பார்த்துச் சொல்லிட்டே இருந்தாரு. ‘நகரல, நகரல, தப்பிச்ச’ன்னு. நான் துடைப்பத்தப் பிடிச்சுக்கிட்டு லிஃப்ட் பக்கத்துலயே நின்னேன். ரெண்டு மணி நேரம்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அழவில்லை. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

“இன்னிக்கே அழிச்சிடறேன். ஒரு எழுத்து இருக்காது” என்றேன்.

“வேண்டாம்.”

“ஏன்?”

“இப்ப அங்க நான் எடுத்தேன்னு இருக்கு. அழிச்சிட்டா, நான் எடுக்கலன்னு எங்க இருக்கும்? உங்க ஆளுங்க வாயில இருக்கிறத யார் அழிப்பா?”

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அவரே தொடர்ந்தார்.

“அதுக்குக் கீழயே எழுதணும் அக்கா. மூலையில இல்ல. போட்டவங்க அத்தனை பேரும் எழுதணும். எட்டு வருஷம் அது இருந்துச்சுல்ல? இதுவும் எட்டு வருஷம் இருக்கட்டும். அப்புறம் ரெண்டையும் சேர்த்து அழிச்சுக்கோங்க.”

வேலை கிடைக்காட்டியுமா என்று கேட்டேன். “கிடைக்காட்டியும்தான்” என்றார்.

மார்ச் 16, ஞாயிறு

சரி. செய்கிறேன். எங்கள் விதிப்படியே செய்கிறேன். நாற்பது ‘நானும்’ அவரை வெளியே அனுப்பியது. நாற்பது ‘நானும்’ அதைத் திருப்பட்டும்.

பழைய புகாருக்கு நேர் கீழே எழுதினேன்: “கடிகாரம் சோபாவுக்கு அடியில் கிடைத்தது. படத்தில் இருப்பவர் அதை எடுக்கவில்லை. எதையும் பார்க்காமல் ‘நானும்’ போட்டது என் தவறு. இந்தப் பழி நீங்கியது என்று குடியிருப்பு அறிவிக்க வேண்டும், இந்த அறிவிப்பு எட்டு வருஷம் இங்கேயே இருக்க வேண்டும்.” என் வீட்டு எண். ஒன்று.

சாயங்காலம் வரை அந்த ஒன்றுதான். நாய்க்கு நாற்பது பேர் வருவார்கள், இதற்கு ஆளைக் காணோம். இருக்கட்டும். கால் இருக்கிறது, நடக்கிறேன். நாற்பத்து மூன்றில் பதினொரு வீடு காலி செய்துவிட்டுப் போய்விட்டது. மிச்சம் இங்கேதான் இருக்கிறார்கள்.

மார்ச் 17, திங்கள்

ஆறு கதவு. இரண்டு ‘நானும்’.

மார்ச் 19, புதன்

என்னென்ன சாக்கு! “அது நான் போடலங்க, அப்போ பையன் என் போன்ல விளையாடிட்டு இருப்பான்.” பையனுக்கு அப்போது ஒரு வயசு. “நான் ‘நானும்’னு போட்டது, நானும் ஜாக்கிரதையா இருக்கேன்னு அர்த்தம்.” “எட்டு வருஷம் ஆச்சு, இப்ப எதுக்கும்மா கிளறிக்கிட்டு?” கிளறினது நானா? கிளறினவர் எட்டாம் மாடியில் இருக்கிறார், அவரிடம் போய்க் கேளுங்கள் என்றேன்.

ஐந்தாம் மாடியில் ஒரு பெரியவர் மட்டும் எதுவுமே கேட்கவில்லை. போனை என்னிடம் கொடுத்து, “எங்க எழுதணும்னு காட்டுங்க, எனக்கு எழுத்து சின்னதாத் தெரியுது” என்றார். எழுதி முடித்துவிட்டு, “அந்தப் பொண்ணுகிட்ட நேர்ல சொல்லணுமே” என்றார். அவருக்கு எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

எதிர்வீட்டு அம்மா, “உனக்கு வேற வேலை இல்ல” என்று சொல்லிக்கொண்டே போட்டார். பரவாயில்லை, திட்டிக்கொண்டு போட்டாலும் கணக்கில் சேர்த்திதான்.

பதினொன்று.

மார்ச் 21, வெள்ளி

கால் வலிக்கிறது. பதினாறு.

இவர் இன்று எதுவும் சொல்லாமல் இரண்டு மாடி ஏறி இறங்கி மூன்று பேரைப் போட வைத்திருக்கிறார். “ஊர் வம்பு உனக்கு எதுக்கு” என்று போன வாரம் சொன்ன அதே ஆள். அந்த மூன்றையும் சேர்த்தால் பத்தொன்பது.

மார்ச் 22, சனி

ரெக்கார்ட் அங்கிள் வீட்டுக்குப் போகத் தயங்கிக்கொண்டே இருந்தேன். இன்று அவரே வந்தார். கையில் கோப்பு இல்லை, ஒரு தடிமனான நோட்டு.

“நான் ஏழாவது” என்றார்.

“தெரியும் அங்கிள்.”

“அந்தக் கடிகாரம் கிடைச்ச செய்தியையும் நான் அச்செடுத்து வச்சிருக்கேன்மா. தேதி போட்டு. ரெண்டும் ஒரே அலமாரிலதான் இருந்திருக்கு. எல்லாத்தையும் வச்சிருந்தேன், எதையும் சேர்த்துப் படிக்கல.” குரல் உடைந்துவிட்டது. காபி போடவா என்றேன், மடத்தனமாக.

நோட்டில் ஒன்பது வருஷத்தில் காலி செய்துவிட்டுப் போன அத்தனை பேருடைய புது விலாசமும் போன் நம்பரும் இருந்தன. எதற்கு வைத்திருக்கிறார் என்று கேட்டால், “தபால் வந்தா திருப்பி அனுப்பணும்ல” என்கிறார். பழைய செருப்பு என்று கிண்டல் செய்தேனே! போனவர்களின் பலகைக் கணக்கை யாரும் மூடவில்லை, உள்ளே வந்து எழுதலாம். நானும் அவரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து வரிசையாகப் போன் அடித்தோம். அவர் பேச ஆரம்பிக்கும்போதெல்லாம் “நான் ஏழாவது ஆள் பேசறேன்” என்றுதான் தொடங்கினார். மறுமுனையில் பாதிப் பேருக்கு விளங்கியிருக்காது.

மார்ச் 24, திங்கள்

பல் டாக்டரம்மா. கிளினிக்குக்கே போனேன். கடைசி நோயாளி போகும் வரை காத்திருந்தேன்.

“நான் திருடினாங்கன்னு எங்கயும் எழுதல. எடுத்துட்டுப் போயிருக்காங்கன்னுதான் எழுதினேன்” என்றார்.

ஆஹா. மாமியார் உடைத்தால் மண்சட்டி, மருமகள் உடைத்தால் பொன்சட்டி. இது எந்தச் சட்டியோ.

“கிடைச்சதும் போட்டேனே, பார்க்கலையா?”

“பார்த்தேன் டாக்டர். சிரிச்ச முகத்தையும் பார்த்தேன்.”

“இத பாருங்க, எனக்குன்னு ஒரு பேர் இருக்கு. கிளினிக் நடத்தறேன். இப்பப் போய் நான் தப்பு பண்ணிட்டேன்னு எழுதினா நாளைக்கு யார் வருவா?”

“அவங்களுக்கும் ஒரு பேர் இருந்துச்சு டாக்டர். நாம நாப்பத்து நாலு பேர் சேர்ந்து ஒரு சாயங்காலத்துல முடிச்சோம்.”

கத்திவிட்டேன். வெளியே இருந்த உதவியாளர் எட்டிப் பார்த்தார். டாக்டரம்மா கையுறையைக் கழற்றித் தொட்டியில் போட்டுவிட்டு உள்ளறைக்குப் போய்விட்டார். கத்தியிருக்கக் கூடாதோ? இல்லை. கத்தியது சரிதான்.

மார்ச் 26, புதன்

முப்பத்தொன்று. தூர தேசத்திலிருந்து ஒருவர், வீடு காலி செய்து ஆறு வருஷம் ஆனவர், ஒரு பக்கம் எழுதியிருக்கிறார். அவருடைய ‘நானும்’ பதினான்காவது. அக்காவிடம் இதைப் போனில் வாசித்துக் காட்டினேன். “இவரு வீட்டுச் சாவிய ஒருக்கா படியில கண்டெடுத்துக் குடுத்தேன் அக்கா” என்றார்.

மார்ச் 29, சனி

முப்பத்தொன்பது.

நாற்பத்து மூன்றில் முப்பத்தொன்பது. ஒருவர் காலமாகிவிட்டார். இருவருடைய நம்பர் மாறிவிட்டது, அங்கிளாலேயே முடியவில்லை. ஒருத்தர் கதவைச் சாத்திவிட்டார். புதிதாக வந்தவர்களைக் கேட்டால், “எங்களுக்கு அது பத்தி என்னங்க தெரியும், பார்க்காம எப்படிப் போடறது?” என்கிறார்கள். இந்தப் புத்தி எட்டு வருஷத்துக்கு முன் எங்களுக்கு இருந்திருக்கக் கூடாதா!

நாளை பத்து மணிக்குக் கூட்டம். நாற்பது ஆகாவிட்டால் இதைக் கூட்டத்தில் விவாதத்துக்கு விடுவார்கள். விவாதம் என்றால் தள்ளிப்போடுவது. அறைக்கு ஆள் எடுப்பதும் நாளைதான்.

போனைப் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை பார்க்கிறேன். நகரவில்லை. நகரவில்லை. இப்படித்தான் நின்றிருப்பார், துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு.

மார்ச் 30, ஞாயிறு

காலை எட்டு நாற்பதுக்கு மணி அடித்தது. வாசலில் எட்டாம் மாடி வங்கிக்காரர், இரண்டு பக்கமும் இரட்டையர். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டேன்.

“நேத்து முழுக்கப் படிச்சேன் மேடம். எல்லாத்தையும். நான் அப்போ இங்க இல்ல. ஆனா மூணு வாரத்துக்கு முன்ன இத எடுத்து மறுபடியும் நடுவுல போட்டது நான்தானே? அப்போ நானும் அந்தக் கணக்குலதானே வர்றேன்?”

என் கண்முன்னாலேயே போட்டார். நாற்பது.

இடுப்பிலிருந்த கையை எடுத்துவிட்டு உள்ளே வாங்க என்றேன். பிள்ளைகள் ஷூவோடு சோபாவில் ஏறிவிட்டார்கள்.

கூட்டத்தில் செயலாளர் அறிவிப்பை நின்றுகொண்டே வாசித்தார். பழி நீங்கியது, எட்டு வருஷம் இருக்கும். குழந்தைகள் அறைக்கு அக்காவை எடுத்திருக்கிறார்கள் — பரிதாபப்பட்டு இல்லை, வந்த விண்ணப்பங்களில் படித்துச் சான்றிதழ் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். பிறகு என் யோசனைக்கு வந்தார்கள். என் ‘ரெண்டு வருஷம்’ என் கையாலேயே செத்தது. அன்றாடப் பேச்சை எழுதுகிறவரே எவ்வளவு நாள் இருக்க வேண்டும் என்று போட்டுவிட வேண்டும், அதிகபட்சம்தான் இரண்டு வருஷம். கட்டடம் சம்பந்தப்பட்டதெல்லாம் தனியாக எடுத்து வைக்கப்படும், என்றைக்கும் அழியாது, ரெக்கார்ட் அங்கிள் பொறுப்பு (முகத்தைப் பார்க்க வேண்டுமே). ஒரு ஆளைப் பற்றி எழுதினால் அந்த ஆளுக்குத் தெரிவித்தாக வேண்டும். பொய் என்று தெரிந்தால் திருத்தம் அதன் கீழேயே வர வேண்டும், பொய் எத்தனை நாள் இருந்ததோ அத்தனை நாள் திருத்தமும் இருக்க வேண்டும். ஆட்களைப் பற்றிய புகாருக்கு ‘நானும்’ இனிமேல் கிடையாது.

“இந்தக் கடைசிக்கு முன்ன இருக்கே, அது யார் யோசனை மேடம், நல்லா இருக்கே?” என்று செயலாளர் கேட்டார். யாருடையது என்று சொன்னேன்.

போன் செய்து அக்காவிடம் சொன்னபோது மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம். அன்றைக்கு அழாதவர்.

ஏப்ரல் 13, ஞாயிறு

நாற்பத்தொன்றாவது வரி இன்று வந்திருக்கிறது. “கடிகாரம் என்னுடையது. தவறும் என்னுடையது. கீழே போய் நேரிலும் சொன்னேன்.” பல் டாக்டரம்மா.

என்ன சொன்னார் என்று அக்காவிடம் கேட்டேன். “அது எங்களுக்குள்ள அக்கா” என்று சொல்லிவிட்டார். எனக்கு மண்டை வெடிக்கிறது.

ஜூன் 17, செவ்வாய்

இரண்டு மாதச் சண்டைக்குப் பிறகு இங்கே வேலை செய்கிறவர்களுக்கும் பலகையில் கணக்கு. செக்யூரிட்டி, தோட்டம், லிஃப்ட், குழந்தைகள் அறை. “அவங்க எதுக்கு நாம பேசறதப் படிக்கணும்?” என்று ஒருவர் கேட்டார். “நாம அவங்களப் பத்தித்தானே பேசறோம்” என்றார் ரெக்கார்ட் அங்கிள். நான் வாயையே திறக்கவில்லை. ஆச்சரியம்தான்.

ஜூலை 8, செவ்வாய்

கடையிலிருந்து வரும் வழியில் பலகையில் ஒரு புதிய பதிவு. அக்கா எழுதிய முதல் பதிவு.

“நாளைக்கு மழை வரும்னு சொல்றாங்க. பிள்ளைங்களுக்கு ஒரு மாத்துத் துணி குடுத்து விடுங்க.”

எத்தனை நாள் இருக்க வேண்டும் என்ற கட்டத்தில் ‘ஒரு நாள்’ என்று போட்டிருந்தார்.

வீட்டுக்கு ஏறாமல் நேராகக் குழந்தைகள் அறைக்குப் போனேன். இரட்டையரில் ஒருவன் அவர் மடியில் தூங்கிக்கொண்டிருந்தான். வங்கிக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு, எழுப்ப மனமில்லாமல் ஒரு குட்டி நாற்காலியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்கா என்னைப் பார்த்து, சத்தம் போடாதே என்று விரலைக் காட்டினார்.

பக்கத்தில் போய்க் குனிந்து, “ஏன் ஒரு நாள் மட்டும் போட்டீங்க? ரெண்டு வருஷம் வரைக்கும் வச்சுக்கலாமே” என்று கிசுகிசுத்தேன்.

“நாளைக்கு மட்டும்தானே அக்கா மழை” என்றார்.